ஒன்பதாவது கடிதம்

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் மழை. குடையை மறந்து போனேன். சப்பாத்து பின்னேரம் வரை காயவில்லை.

இன்றைய வேலை: காற்சட்டைக் கரை மடிப்பு 4. ஸிப் மாற்றல் 2 (ஒன்று தோல் ஜாக்கெட், ஊசி முறிந்தது). சாரியின் அடிக்கரைக்கு ஃபோல்ஸ் துணி 1.

ஹாஜரா அக்காவின் தையல் கடைக்கு வந்து இன்றோடு ஏழு மாதம். கொலிஜ்ஜை மூன்றாம் கிழமையிலேயே விட்ட பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன், ஏன் என்று கேட்டார்கள். இவர் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு பழைய ஜீன்ஸையும் தையல் பிரிக்கும் கத்தியையும் தந்துவிட்டு ரேடியோவைப் போட்டார். அவ்வளவுதான். நகரசபைக் கவுன்சிலில் இருந்து போன் எடுக்கிற மிஸ்ஸிடம் இது "ட்ரெய்னிங்" என்று பதிந்திருக்கிறது. பதினெட்டு வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ பதிந்திருக்க வேண்டுமாம்.

கடைக்கு முன் விளக்குக் கம்பத்தில் ஒரு மாதமாகக் கொடி. வெள்ளையில் சிவப்புச் சிலுவை, இங்கிலாந்துக் கொடி. வெளிநாட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள் என்கிறவர்கள் கட்டுவது. லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் முழுக்க இப்போது கம்பத்துக்குக் கம்பம் அதுதான். இன்று அதற்குக் கீழே கவுன்சில் ஆள் வந்து ஓர் அறிவித்தல் கட்டிவிட்டுப் போனார். எங்கள் கடையின் மேல்மாடியைத் தொழுகைக்கும் பிள்ளைகளின் ஓதலுக்கும் மாற்ற விண்ணப்பம். மூன்று கிழமைக்குள் யாரும் கருத்து எழுதலாம். விண்ணப்பித்தது ஹா. அக்காவும் இன்னும் ஆறு முஸ்லிம் குடும்பங்களும்.

ஹா. அக்கா வெளியே போய்த் தடவிப் பார்த்தார். "நல்ல பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறாங்கள். என்ர விசாப் பேப்பருக்கே இப்பிடி ஒண்டு தரேல்ல."

தம்பி நேற்று இந்தக் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததில் ஒரு நன்மை.

செப்டம்பர் 18, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றர் இன்னும் போடக்கூடாது என்று அப்பா.

பின்னேரம் கணேசு அங்கிள் வந்தார். எங்கள் தையல் கடைக்கு எதிரே மரக்கறிக் கடை வைத்திருப்பவர். நான் குசினியில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்தேன். எல்லாம் கேட்டது.

"கண்டியளோ அண்ணை, எனக்கு முன்னால பள்ளிவாசல் போடப் போயினம்."

"ஆர், உந்தத் தைக்கிற மனுசியோ?"

"அவதான். இனி வெள்ளிக்கிழமையில ஒரு கார் நிப்பாட்ட ஏலாது. என்ர யாவாரம் முடிஞ்சுது."

"சின்னனாத்தான் தொடங்குவினம்," என்றார் அப்பா. "பிறகு முழு ரோட்டும்." அதன்பிறகு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கீத் சொன்னதைச் சொன்னார். இந்த மாதத்தில் மூன்றாம் தரம். "கீத் சொல்லுறான், உங்களை மாதிரி ஆக்களோட எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். வேலை செய்யிறியள், பேசாமல் இருக்கிறியள், அவையள் அப்பிடி இல்லை எண்டு."

அம்மா: "உங்கட மகள் அவவிட்டத்தான் வேலை செய்யிறாள்."

"வேலை வேற. இது வேற."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்புக் கடிதம் ஒன்பது வேண்டுமாம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் கவுன்சில் ஒன்றாகத்தான் எடுக்கும் என்று கீத் சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது போல இருக்க வேண்டும்.

கோயிலுக்கு வருகிற பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். பார்க்கிங் அபராதம், பள்ளிக்கூட இடம், ஆஸ்பத்திரித் திகதி மாற்றல். வாயால் ஒரு சொல் வராது, எழுதினால் வரும். ஆனாலும் நான் "ஹாஜரா அக்கா..." என்று தொடங்கினேன்.

அப்பா அங்கிளைப் பார்த்தபடி, "இங்கிலீஷ் எழுத்தில என்ர மகளை அடிக்க இந்த ரோட்டில ஆள் இல்லை," என்றார்.

கொலிஜ்ஜை விட்ட பிறகு அப்பா வெளி ஆட்களுக்கு முன் என்னை "என்ர மகள்" என்று சொன்னது இதுதான் முதல் தரம்.

தலையாட்டினேன்.

செப்டம்பர் 20, சனி

மப்பு. மழை இல்லை. முழு நாளும் மேசையில்.

அப்பா அலுமாரிக்கு மேலிருந்து ஒரு மண்ணிறக் கடிதக் கோவை எடுத்துத் தந்தார். நான் லண்டனுக்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன், கோயிலுக்காக ஒரு பழைய மண்டபத்தைக் கேட்டபோது சுற்றியிருந்த வெள்ளைக்காரர் கவுன்சிலுக்கு எழுதிய எதிர்ப்புக் கடிதங்களின் பிரதிகள். அப்பா அப்போது கமிட்டியில். "எப்பிடி எழுதிறது எண்டு உதில இருக்கு. பாத்து எழுது."

அப்படித்தான் சொன்னார். வேறு ஒன்றும் யோசித்துச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

கோவையில் இருந்தவை:
கார் நிறுத்த இடமில்லை.
மேளச் சத்தம்.
வாசலில் குவியும் செருப்புகள்.
பண்டிகை நாட்களில் கூட்டம்.
எங்கள் வீட்டு விலை இறங்கும்.
இந்தத் தெரு முன்பு இருந்த மாதிரி இல்லை.
இவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் எண்ணிக்கை கூடிவிட்டது.

மேளத்தை எடுத்துவிட்டு பாங்கு என்று போட்டேன். மேல்மாடியில் ஒலிபெருக்கி வைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். செருப்பை அப்படியே விட்டேன். ஒருவருக்குக் கோபமான எழுத்து, ஒருவருக்கு மரியாதையான எழுத்து, ஒருவருக்கு வேண்டுமென்றே இரண்டு பிழை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடுவில் எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா மட்டன் ரோல் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

எட்டோடு காரணம் முடிந்துவிட்டது. ஒன்பதாவது கமலா அன்ரிக்கு. கணேசு அங்கிளின் மனைவி. அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு பின் கதவு ஞாபகம் வந்தது.

மேல்மாடிப் பின் கதவைத் திறந்தால் இரும்புப் படி. கீழே இரண்டு படி கழன்றுபோய்விட்டது. அதைத் தாண்டிக் குதித்தாலும் முற்றத்துக் கேட்டில் கடையை வாடகைக்குத் தந்த கட்டிடக்காரர் போட்ட சங்கிலி. நூல் பெட்டி எடுக்க முதன்முதலில் ஏறினபோது ஹா. அக்கா சொன்னது: "பின்னால இறங்கிப் போடாத பிள்ளை, விழுந்திடுவாய்." நெருப்புப் பிடித்தால் மேலே இருக்கிற பிள்ளைகள் எப்படி இறங்குவார்கள் என்று எழுதினேன். ஆறு வரி. மற்ற எட்டையும்விட நல்ல கடிதம். அது ஒன்றுதான் உண்மை.

அங்கிளின் மரக்கறிக் கடைக்குக் கொண்டுபோனேன். கமலா அன்ரி வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது?"

"கார் விசயம்," என்றார் அங்கிள். "கையெழுத்தை வையும்."

"கார் எண்டா வைக்கத்தான் வேணும்." வாசிக்கவில்லை. தமிழில் கையெழுத்து. "ள" மாதிரி ஒரு சுழி. கடிதத்தில் வெண்டிக்காய் ஈரம் பட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

ஹா. அக்கா பச்சைத் துணி வெட்டி வைத்திருந்தார். மேல்மாடியில் பெண்கள் பக்கத்தை மறைக்கத் திரை. பதினான்கு அடி. கரையை நான் தைக்க வேண்டும். "மெஷினில வேண்டாம், கையால தை. உன்ர கைத்தையல் வடிவு."

தைத்தேன். வேறு என்ன செய்வது.

மத்தியானம் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி சட்டை தைக்கக் கொடுக்க வந்தார். எல்லோரும் ஹா. அக்காவிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஊரில எவ்விடம் நீங்கள்?"

"யாழ்ப்பாணம்தான். அஞ்சுசந்திப் பக்கம்."

"ஓ." பிறகு அன்ரி சட்டையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்க் கதை அதோடு சரி. இது எப்போதும் நடப்பதுதான். அன்ரி போன பிறகு, இன்றைக்குத்தான் ஹா. அக்காவிடம் ஏன் என்று கேட்டேன்.

"தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகச் சொன்னவங்கள். உனக்குத் தெரியாதோ?"

தெரியாது.

"ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள். எனக்கு ஏழு வயசு. போகச் சொன்னதும் தமிழ் ஆக்கள், பாத்துக்கொண்டு நிண்டதும் தமிழ் ஆக்கள். அதுதான் எங்க எண்டு கேட்டாப் பிறகு அவைக்கு என்ன கதைக்கிறது எண்டு தெரியிறேல்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பாவம், அவையும் என்ன செய்யிற."

எட்டு வயது வரை நான் யாழ்ப்பாணத்தில்தான் படித்தேன். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் ஆறு வருடம். ஒருவரும் சொல்லவில்லை.

மேல்மாடி ஏன் வேண்டும் என்பதையும் இன்றுதான் சொன்னார். அவருடைய மகள் சப்ரினாவுக்குப் பத்து வயது. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டு ஓதப் போவது பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஆகஸ்டில் பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆள் அவளுடைய முக்காட்டைப் பின்னால் இருந்து இழுத்துக் கழற்றி ரோட்டில் எறிந்தான். தாய் பக்கத்தில் நிற்கும்போதே. இப்போது அவள் முக்காட்டை மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். பள்ளிவாசல் படியில் வைத்துத்தான் போடுகிறாள்.

"முக்காடெல்லாம் சோத்து மணம்," என்றார் ஹா. அக்கா. "இங்க மேல எண்டா நடந்து வந்திடுவாள். பஸ்ஸே வேண்டாம்."

தைத்தது: நாலரை அடி.

செப்டம்பர் 27, சனி

அம்மாவோடு குரோய்டன். தம்பிக்குச் சப்பாத்து, எனக்குக் கோட் பார்த்தது, வாங்கவில்லை.

அம்மா இப்போது பஸ்ஸில் போவதென்றால் பெரிய பொட்டு வைக்கிறார். முன்பு ஒட்டுப் பொட்டு, கடுகளவு. இன்று ஒரு ரூபாய்க் குற்றி அளவு. கேட்டேன். "எங்களையும் முஸ்லிம் எண்டு நினைச்சுப் போடுவாங்கள். நாங்கள் ஆரெண்டு தெரியட்டும்."

பஸ்ஸில் எங்களுக்கு முன் இரண்டு வயதான வெள்ளைக்காரப் பெண்கள். ஒருவர்: என்னுடைய டாக்டரே முஸ்லிம்தான், தங்கமான மனிதர், அவரைச் சொல்லவில்லை. மற்றவர்: அவரைச் சொல்லவில்லைத்தான். முந்தி எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். முதலாமவர்: ஓம், நானும்தான். பிறகு இருவரும் யன்னலால் கொடிகளைப் பார்த்தார்கள். அவர்களைப் பார்க்கக் கெட்டவர்கள் மாதிரி இல்லை. ஒருவர் இறங்கும்போது அம்மாவின் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில், சைக்கிளில் போன ஒருவன் எங்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். பாகிஸ்தான் ஆட்களைத் திட்டுகிற சொல். அம்மா கேட்காத மாதிரிக் கைப்பையைத் திறந்து பஸ் கார்ட்டைத் தேடினார். கார்ட் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கோழிக்கறி. உப்புக் கூட.

அக்டோபர் 2, வியாழன்

எழுத விருப்பமில்லை. எழுதாவிட்டாலும் போகாது.

கவுன்சில் இணையத்தளத்தில் கடிதங்களைப் பெயரோடு போட்டுவிட்டார்கள். முப்பத்தொன்று. ஹா. அக்காவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாக. "நீ வாசிச்சுத் தமிழில சொல்லு. நான் திரையை அயன் பண்ணுறன்."

திரை முடிந்துவிட்டது. பதினான்கு அடியும்.

நான் எழுதியதையே நான் வாசித்தேன். ஐந்து வேளையும் சத்தம் வரும்.

"என்ன சத்தம்? கொஞ்சம் சத்தமா ஓதுங்கோ எண்டு நான்தான் பிள்ளையளோட கத்திறனான்."

வாசலில் செருப்புக் குவியும்.

சிரித்தார். "செருப்புக்குப் பயந்த வெள்ளைக்காரன். ஆர் அது?"

பெயரைச் சொன்னேன்.

"எங்கட கணேசு அண்ணையோ?" திரையை மறுபக்கம் திருப்பிப் போட்டார். "போன கிழமைதான் அவற்ற காற்சட்டையை இடுப்பில விட்டுக் குடுத்தனான்."

அடுத்தது. அடுத்தது. நான் குரலை மாற்றாமல் வாசித்தேன். கவுன்சில் கடிதங்களை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறது. கமலா அன்ரியின் கடிதத்தில் வெண்டிக்காய் ஈரம் பட்ட இடம்கூடத் தெரிந்தது. ஹா. அக்கா அயன் பண்ணியபடி என் தோளுக்குப் பின்னால் நின்றதால் தாண்ட முடியவில்லை. வாசித்தேன். இரும்புப் படி. இல்லாத இரண்டு படி. சங்கிலி.

துணி கருகின மணம் வந்த பிறகுதான் அயனைத் தூக்கினார். திரையில் விரல் அளவு பழுப்பு.

"கமலா அக்கா ஒரு நாளும் மேல ஏறினதில்லை," என்றார்.

நான் திரையைப் பார்த்தேன்.

"சரி. அடுத்ததை வாசி."

முடிந்த பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார். பதில் எழுத வேண்டும், எழுதித் தருவியா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை, அக்காவுக்கு ஓம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து மண்ணிறக் கோவையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கோயில் கமிட்டி அன்று கவுன்சிலுக்குக் கொடுத்த பதில்கள். கார்களுக்குப் பதில், சத்தத்துக்குப் பதில், செருப்புக்கு மரத்தட்டு அடிப்போம் என்று பதில். எங்கள் பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் இடம் வேண்டும் என்று ஒரு வரி. எட்டுக் கடிதத்துக்கும் பதில் அந்தக் கோவையிலேயே இருக்கிறது.

ஒன்பதாவதற்கு இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காற்று. பின் வேலி ஆடுகிறது.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கதிரையில் இருந்தபோது கோவையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தேன். எண்ணிக்கை கூடிவிட்டது என்கிற கடிதம். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இந்த மனுசி பிறகு எங்கட கோயிலுக்கு வந்தவ. பொங்கல் குடுத்தனாங்கள். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ."

"அப்ப ஹாஜரா அக்கா ஆக்களும் பிறகு சாப்பாடு குடுப்பினம்தானே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் எதிர்த்துக் கதைத்து அவருக்குப் பழக்கமில்லை. எனக்கும்தான்.

"நான் லொறிக்குள்ள மரக்கறிப் பெட்டியோட கிடந்து இந்த நாட்டுக்கு வந்தவன். இவ்வளவு வருசமும் ஒருத்தனும் ஒரு முறைப்பாடு சொல்லாத மாதிரி இருந்திருக்கிறன். வேலி வெட்டுறதெண்டாலும் கீத்தைக் கேட்டிட்டுத்தான். இப்ப அவையளால எங்களையும் சேர்த்துப் பாக்கிறாங்கள். கொம்மாவுக்குப் பஸ் ஸ்டொப்பில என்ன சொன்னவன் எண்டு கேள்."

அம்மா அவருக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"கீத்துக்கு வித்தியாசம் தெரியும். ரோட்டில போறவனுக்குத் தெரியுமோ?"

கடிதங்களைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். ஒன்றையாவது. கமலா அன்ரியுடையதை.

"கணேசுவுக்கு என்னெண்டு சொல்லுறது? என்ர மகள் எழுதினதை என்ர மகளே கிழிச்சுப் போட்டாள் எண்டோ?"

அப்பா கோவையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டது. "நல்லா எழுதியிருந்தாய்," என்றார். "கீத்தே சொன்னவன்."

பதில் எட்டும் எழுதி முடித்தேன். ஹா. அக்காவின் பெயரில்.

அக்டோபர் 9, வியாழன்

மழை.

ஸிப் 3. திரைக்கு வளையம் கோத்தல் (28).

பத்து மணிக்கு கவுன்சில் கட்டிடப் பரிசோதகர். கூடவே கட்டிடக்காரர். பரிசோதகர் கையில் ஒரு தாள். கடையைப் பார்க்கவில்லை, முன் படியைப் பார்க்கவில்லை, மேலே ஏறி நேராகப் பின் கதவுக்குப் போனார். திறந்தார். கீழே பார்த்தார். படம் எடுத்தார். ஐந்து நிமிடமும் இல்லை.

நான் நூல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். போகும்போது "நன்றி" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதைக்குச் சொன்னதுதான்.

கட்டிடக்காரர் கீழே வந்து ஹா. அக்காவிடம், புதுப் படி கட்டித் தருவதென்றால் யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கிற முகம் இல்லை.

சப்ரினா பள்ளிக்கூடத்தால் வந்து, ஓதப் போக முன் மேலே ஓடினாள். சுவரில் தனக்கு எந்த இடம் என்று சோக்கால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாள். மற்றப் பிள்ளை எடுத்துவிடக் கூடாதாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டது. ஒன்றும் காயவில்லை.

கட்டிடக்காரர் காலையில் மெசேஜ் அனுப்பியிருந்தார். படி கட்டப் போவதில்லை. மேல்மாடியைத் தரவும் போவதில்லை. இந்த நேரத்தில் அவருக்கு வில்லங்கம் வேண்டாமாம். ஹா. அக்கா விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துவிட்டார். நான் எழுதிய எட்டுப் பதிலையும் ஒருவரும் வாசிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அக்கா ஒரு காற்சட்டையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். நானும் ஒன்றை எடுத்தேன். பதினொரு மணிவரை பிரித்தோம். பிறகு நான் சொன்னேன். எழுதி வைத்துப் பாடமாக்கிய வசனம் இருந்தது, அது வரவில்லை. "நான்தான் அக்கா" என்பது மட்டும் வந்தது.

"தெரியும் பிள்ளை. வாசிச்ச அண்டைக்கே தெரியும். மேல ஏறினது நீயும் நானும்தான்."

பிரித்துக்கொண்டே கதைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் நீதான் எழுதினியோ?"

"ஒம்பது."

"செருப்பும் நீயோ?"

"ஓம்."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"நாங்கள் யாழ்ப்பாணத்தால வெளிக்கிடேக்க பக்கத்து வீட்டு அக்கா மதிலடியில நிண்டவ. எங்கட உம்மாவோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறவ. அண்டைக்கு மட்டும் ஒண்டும் கதைக்கேல்ல. உம்மா கடைசி மட்டும் அவவைக் குறை சொன்னதில்லை. பயந்து போனா எண்டு சொல்லுவா." நூலை இழுத்து எடுத்துக் கீழே போட்டார். "நீயும் பயந்தனி எண்டு விளங்குது. ஆனா அவ பாத்துக்கொண்டு நிண்டவ. நீ எழுதினனி."

அழக்கூடாது என்று இருந்தேன். அழுதால் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டி வரும்.

"கதவு அப்பிடித்தான் இருந்தது," என்றார் பிறகு. "பொய் இல்லை. நானே கட்டிடக்காரனுக்கு முதலில சொல்லியிருக்க வேணும். நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்."

ட்ரெய்னிங் பேப்பரில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். "நாளையில இருந்து வழக்கம் போல வா. செவ்வாயும் வியாழனும் நான் நாலு மணிக்கு வெளிக்கிட்டிடுவன், சப்ரினாவோட பஸ்ஸில. தனிய விடமாட்டன். கடையை நீதான் பாக்க வேணும். ஆக்கள் வந்தாக் கதைக்க வேணும்."

திரையைப் பிரிக்கச் சொன்னார். துணி வேறு எதற்காவது உதவும்.

அக்டோபர் 15, புதன்

அப்பா புதுச் செய்தியோடு வந்தார். பெரிய ரோட்டு ஹோட்டலில் படகில் வந்த அகதி ஆட்களை வைக்கப் போகிறார்களாம். கீத்தும் கணேசு அங்கிளும் கடிதம் கேட்கிறார்கள். இந்தமுறை இருபது.

மாட்டன் என்றேன்.

"மாட்டியோ?"

"மாட்டன் அப்பா."

அப்பா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். அங்கே தொலைபேசியில் அங்கிளிடம் சொன்னது கேட்டது: "அவளுக்குச் சுகமில்லை."

அக்டோபர் 16, வியாழன்

வெயில். இன்னும் நாலு நாளில் தீபாவளி. அம்மா முறுக்குக்கு மா வறுத்தார், வீடு முழுக்க மணம்.

நாலு மணியில் இருந்து கடையில் தனிய. திரை பிரிக்கிறேன். நெருக்கமான தையல், ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. ஐந்து மணிக்கு கமலா அன்ரி வந்தார், தீபாவளிச் சட்டையோடு. இடுப்பு லூஸ்.

"எங்க பிள்ளை அவ?"

"சப்ரினாவை ஓதக் கூட்டிக்கொண்டு போட்டா."

"எங்க?"

"பஸ்ஸில. நாப்பது நிமிசம்."

"அடக் கடவுளே, இந்த இருட்டுற நேரத்தில." அன்ரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், நான் அளவு எடுக்க. "சின்னப் பிள்ளையெல்லோ அது. பாவம். கிட்ட ஒரு இடமும் இல்லையோ அவைக்கு?"

உண்மையாகவே கேட்டார். முகத்தைப் பார்த்தேன், உண்மையாகத்தான்.

"இருந்தது அன்ரி. இங்க மேல."

"பிறகு?"

"கடிதம் போட்டு நிப்பாட்டினது. உங்கட கடிதத்தாலதான். நான் எழுதினது, நீங்கள் கையெழுத்து வைச்சது."

அன்ரி கையை இறக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அது காருக்கெல்லோ வைச்சது."

நான் குண்டூசி குத்தினேன். இடது பக்கம் நாலு, வலது பக்கம் நாலு. அரை அங்குலம் உள்ளே. சனிக்கிழமை தருவதாகச் சொன்னேன். சட்டையைக் கழற்றித் தந்துவிட்டு அன்ரி கதவடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதிரே, தன் கடைக்குப் போனார்.

திரை, பிரிக்க இன்னும் மூன்றரை அடி.